தோட்டாவை எண்ணிய காலம்

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் செய்யும் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் வீடியோ கேம் வரிசையில் புதிதாக எது வந்தாலும், "இது ரெசிடென்ட் ஈவிலே இல்லை" என்று சொல்ல ஒரு கூட்டம் இருக்கும். 2005-ல் நான்காம் பாகத்துக்குச் சொன்னார்கள். 2009-ல் ஐந்தாம் பாகத்துக்கும், 2012-ல் ஆறாம் பாகத்துக்கும் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். 2017 ஜனவரியில் ஏழாம் பாகம் வந்தபோது, அதுவரை ஆறாம் பாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்களில் பலரும் அதே வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2025 ஜூனில் அடுத்த பாகமான ரெக்வியம் அறிவிக்கப்பட்டதிலிருந்து மறுபடியும் அதே பேச்சு.

இதை வேலையற்ற பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு விளையாட்டோடு கூடவே வளர்ந்தவர்களுக்கு, அது எந்தப் பக்கம் போகிறது என்று கேட்க உரிமை இருக்கிறது. என் மனத்தாங்கல் வேறு. சண்டை எப்போதும் கேமராவைச் சுற்றியே நடக்கிறது. அறையின் மூலையில் அசையாமல் நிற்கும் கேமராவா, தோளுக்குப் பின்னால் வரும் கேமராவா, நாயகனின் கண்ணே கேமராவா என்று மூன்று கட்சி. இந்த விளையாட்டை நிஜமாகத் தாங்கி நிற்பது எது என்ற கேள்வி அதில் அடிபட்டுப் போகிறது. என்னைக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, கையில் இருப்பது எப்போதும் போதாமல் இருக்க வேண்டும். இரண்டு, பயந்து ஓடிய அதே இடத்துக்கே திரும்பி வர வேண்டியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் கேமரா எங்கே இருந்தாலும் அது எனக்கு ரெசிடென்ட் ஈவில்தான்.

1996 மார்ச்சில் பிளேஸ்டேஷனில் வந்த முதல் பாகத்தை இன்று முதன்முறையாகப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு எரிச்சல்தான் வரும். ஜாம்பிகள் நிறைந்த ஒரு மாளிகையில் மாட்டிக்கொண்ட ஜில், கிறிஸ் என்ற இருவரில் ஒருவராக நாம் ஆடுவோம். மேல் பட்டனை அழுத்தினால் ஜில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாளோ அந்தப் பக்கம்தான் நடப்பாள். திரும்ப வேண்டுமென்றால் நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். டேங்க் கன்ட்ரோல் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கதவுக்கும் திரை கறுத்து, அந்தக் கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும். அந்த நேரத்தில் அடுத்த அறை லோட் ஆகிக்கொண்டிருக்கும். பின்னணி எல்லாமே முன்கூட்டியே உருவாக்கி வைத்த அசையாத படங்கள். அதனால் கேமராவும் அசைய முடியாது.

அந்தத் தடைகளை வைத்துக்கொண்டு இயக்குநர் ஷின்ஜி மிகாமியும் அவர் குழுவும் செய்ததுதான் பெரிய விஷயம். நடைபாதையின் கோடியில் கேமரா. ஜில் நம்மை நோக்கி நடந்து வருகிறாள். அவளுக்கு எதிரே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. கண்ணுக்குத் தெரியாத திசையில் சுடுவதா, இன்னும் இரண்டடி எடுத்து வைத்துக் கேமரா மாறும்வரை காத்திருப்பதா? இரண்டடி வைத்த பிறகு தப்பிக்க இடம் இருக்குமா? இந்தத் தயக்கத்தை வேறு எந்தக் கேமராவாலும் இப்படிக் கொடுக்க முடியாது. பழைய கட்சிக்காரர்கள் பக்கம் இந்த விஷயத்தில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்த விளையாட்டு முதலில் யோசிக்கப்பட்டதே நாயகனின் கண் வழியாகப் பார்ப்பதாகத்தான். 1989-ல் நின்டென்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வந்த ஸ்வீட் ஹோம் என்ற பேய் மாளிகை விளையாட்டை, அதை உருவாக்கிய டோக்குரோ ஃபுஜிவாராவின் மேற்பார்வையில் புதிதாகச் செய்யலாம் என்று கேப்காம் ஆரம்பித்த வேலை இது. நினைத்தது வரவில்லை. 1992-ல் பிரான்சிலிருந்து வந்த அலோன் இன் தி டார்க் காட்டிய வழியைப் பிடித்துக்கொண்டு நிலைக்கேமராவுக்கு மாறினார்கள். அதாவது 2017-ல் பலரைக் கொதிக்க வைத்த அந்தக் கோணம், இந்த வரிசை பிறப்பதற்கு முன்பே அதன் மேஜையில் இருந்தது.

கேமராவை விடுங்கள். அந்த மாளிகையில் என்னை உட்கார வைத்தது கணக்கு. ஜில்லுக்கு எட்டுப் பொருள் வைக்க இடம். கிறிஸுக்கு ஆறுதான். துப்பாக்கி, அதன் தோட்டா, மூலிகை, சாவி, புதிர்ப் பொருள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சேவ் செய்யத் தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறைக்குப் போக வேண்டும். போனாலும் கையில் இங்க் ரிப்பன் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்க்கிற மனநிலைதான் விளையாட்டு முழுக்க. நடைபாதையில் ஒரு ஜாம்பி நிற்கிறது என்றால், கொல்லலாமா என்பது இரண்டாவது கேள்வி. இந்த வழியாக இன்னும் எத்தனை முறை போக வேண்டியிருக்கும் என்பது முதல் கேள்வி.

இந்தக் கணக்கின் உச்சம் 2002-ல் நின்டென்டோவின் கேம்கியூப் கருவிக்கு வந்த, முதல் பாகத்தையே புதிதாகச் செய்த ரீமேக். அதில் ஜாம்பியைச் சுட்டு வீழ்த்தினால் வேலை முடிந்ததாகாது. தலை சிதறவில்லையென்றால் உடல் அங்கேயே கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே உடல் சிவந்துபோய், நீண்ட நகத்தோடு, முன்பைவிட வேகமாக எழுந்து ஓடி வரும். கிரிம்சன் ஹெட் என்று பெயர். அது எழாமல் இருக்க, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட வேண்டும். மண்ணெண்ணெய் எடுத்துப் போகிற குப்பியில் இரண்டு உடலுக்குத்தான் வரும். குப்பி ஒரு இடத்தைப் பிடிக்கும். ஜில்லாக ஆடினால் லைட்டரும் ஒரு இடத்தைப் பிடிக்கும். ஆக எட்டில் இரண்டு போய்விட்டது.

இப்போது நிலைமையைப் பாருங்கள். சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய நடைபாதையில் ஒன்று கிடக்கிறது, மேல்மாடிப் படிக்கட்டருகே ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று. குப்பியில் இரண்டுக்குத்தான் இருக்கிறது. எந்த வழி இனி வேண்டாம், எந்த வழி வேண்டும் என்று மாளிகையின் வரைபடத்தையே மனதில் விரித்து முடிவு செய்ய வேண்டும். எரிக்காமல் விட்ட உடலைத் தாண்டி ஒவ்வொரு முறை போகும்போதும் அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே போவோம். பயமுறுத்த அங்கே யாரும் தேவையில்லை, நாம் எடுத்த முடிவே போதும். நாய்கள் ஜன்னலை உடைத்துக்கொண்டு பாயும் அந்தப் பிரபலமான நடைபாதையிலும், ரீமேக்கில் முதல் முறை கண்ணாடி விரிசல் மட்டும் விடும், நாய் வராது. பழைய ரசிகன் அங்கே தயாராக வருவான் என்று தெரிந்து, அவன் ஞாபகத்தையே வைத்து விளையாடியிருக்கிறார்கள். இவ்வளவு யோசித்துச் செய்த இன்னொரு ரீமேக்கை நான் பார்த்ததில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. அது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. விற்காததால்தான் நான்காம் பாகத்தில் ஆக்‌ஷனை நோக்கித் திரும்பினேன் என்று மிகாமியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். "கேப்காம் ரசிகர்களைக் கைவிட்டது" என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பழைய வடிவத்தின் மிகச் சிறந்த மாளிகையைக் கட்டி வைத்தார்கள். வாங்க வேண்டியவர்கள் போதுமான அளவு வரவில்லை.

நான்காம் பாகம் ஒரே முயற்சியில் வந்ததல்ல. ஹிடெகி காமியா ஆரம்பித்த முதல் வடிவம் ரொம்பவே விலகிப்போய் 2001-ல் டெவில் மே கிரை என்ற வேறு விளையாட்டாகவே வெளியானது. கொக்கியோடு துரத்தும் ஓர் ஆவி உருவத்தை வைத்து இன்னொரு வடிவத்தை 2003-ல் பொதுவில் காட்டினார்கள், அதுவும் கைவிடப்பட்டது. கடைசியில் மிகாமியே இயக்குநராக உட்கார்ந்து, கேமராவை நாயகன் லியோனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கோணத்தை அதற்குப் பிறகு உலகமே எடுத்துக்கொண்டது.

என் அத்தை பையன் இந்த வரிசைக்குள் வந்தது நான்காம் பாகத்தின் வழியாக. எனக்கு மாளிகை எப்படியோ, அவனுக்கு அந்தப் பாகம் நடக்கும் ஸ்பெயின் கிராமம் அப்படி. நாங்கள் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

"அண்ணா, ஜாம்பியே இல்லாட்டி என்ன? அந்தச் சாக்குப்பை மாட்டின ஆள் ரம்பத்தோட வரும்போது உங்க மாளிகைல யாராவது இப்படிப் பயந்திருப்பாங்களா?"

அவன் சொல்வதில் தப்பில்லை. கிராமத்துச் சதுக்கத்தில் எல்லாப் பக்கமும் ஆட்கள். வீட்டுக்குள் ஓடி அலமாரியைத் தள்ளிக் கதவை அடைத்தால், ஏணி போட்டு மாடி வழியாக வருகிறார்கள். சர்ச் மணி அடித்து அவர்கள் போகும்வரை எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் காட்சி வேலை செய்வதற்குக் காரணம் என்ன தெரியுமா? லியோன் துப்பாக்கியை உயர்த்தினால் நின்றுவிடுவான். நடந்துகொண்டே சுட முடியாது. ஒவ்வொரு குண்டுக்கும், ஓடியிருக்க வேண்டிய ஒரு நொடியைக் கொடுத்தாக வேண்டும். மாளிகையின் கணக்கு கொஞ்சம் உருமாறி இங்கேயும் இருக்கிறது. பெட்டியில் துப்பாக்கியையும் மூலிகையையும் திருப்பித் திருப்பி அடுக்கி இடம் பண்ணுவதும் அதே கணக்குதான். ஆட்டக்காரர் திணறினால் எதிரிகளைக் குறைத்தும், நன்றாக ஆடினால் கூட்டியும், தெரியாமல் எடையைச் சரிசெய்யும் ஒரு ஏற்பாடும் உள்ளே இருந்தது. அதனால் எப்போதும் கடைசித் தோட்டாவில் இருக்கிற உணர்வு போகவில்லை.

ஆனால் அதில் ஒன்று குறைந்தது. மாளிகையைப் போலத் திரும்பி வர ஓர் இடம் இல்லை. கிராமம், கோட்டை, தீவு என்று கதை முன்னே போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாம் பாகம் அதை இன்னும் நீட்டியது. கூடவே ஷேவா என்ற துணை. இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது பயம் பாதியாகிவிடுகிறது. அது மனித சுபாவம். மேற்கு ஆப்பிரிக்காவைக் காட்டிய விதத்துக்கு எழுந்த கண்டனமும் நியாயமானது என்பதே என் கருத்து.

பிறகு ஆறாம் பாகம். லியோன், கிறிஸ், ஜேக், ஏடா என்று நான்கு கதை. ஓடலாம், உருளலாம், படுத்துக்கொண்டே சுடலாம், தோட்டா தீர்ந்தால் காலால் உதைத்தே கூட்டத்தைச் சாய்க்கலாம். ஒரு விளையாட்டாக அதன் சண்டை அசைவுகள் நன்றாகவே இருக்கின்றன. அதை உழைத்துக் கற்றவர்கள் இன்றும் அதை ரசித்து ஆடுகிறார்கள், அந்த ரசனை உண்மையானது. ஆனால் காலே ஆயுதமாகிவிட்டால் தோட்டாவை யார் எண்ணுவார்கள்? ஒரு நடைபாதையைத் தாண்டிவிட்டால் அது பின்னால் இடிந்துவிடும். மறுபடி அந்தப் பக்கம் போகவே வேண்டாம். விமானம், ஹெலிகாப்டர், வெடிப்பு என்று திரை நிறைய ஓடுகிறது. நான் சொன்ன இரண்டும் அதில் இல்லை. பிரச்சினை ஆக்‌ஷன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதற்கும் விலை கொடுக்கத் தேவையில்லாமல் போனதுதான் பிரச்சினை என்கிறேன் நான்.

இந்த இடத்தில் விற்பனைக் கணக்கைக் கொண்டுவந்து வாதாடுவார்கள். ஆறாம் பாகம் முதலில் 45 லட்சம் பிரதிகள் கடைகளுக்குப் போனது. கேப்காம் எதிர்பார்த்ததோ 70 லட்சம். அதை 60 என்று குறைத்து, அப்புறம் 50 என்று குறைத்தார்கள். அதனால் அது தோல்வி என்றார்கள். ஏழாம் பாகம் முதலில் போனதோ 25 லட்சம்தான். அப்போது ஆக்‌ஷன் கட்சிக்காரர்கள், "பார்த்தீர்களா, பயத்தை யாரும் வாங்கமாட்டார்கள்" என்றார்கள். வருடங்கள் போக, இரண்டுமே ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. எண்ணை வைத்து இந்தச் சண்டையில் யாரும் ஜெயிக்க முடியாது.

ஏழாம் பாகத்தைப் பற்றி நான் மனம் திறந்து பேச வேண்டும், ஏனென்றால் என் நண்பர் வட்டத்தில் அதை இன்றுவரை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். லூசியானாவில் சதுப்பு நிலத்தையொட்டி ஒரு பாழடைந்த வீடு. யாரென்றே தெரியாத ஈத்தன் என்ற ஒருவன். கோணம் அவன் கண். லியோன் இல்லை, ஜில் இல்லை. "பெயரை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள்" என்று அவர்கள் கோபப்பட்டது புரிகிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். தேள் பொறித்த சாவி ஒரு கதவுக்கு, காக்கை பொறித்தது இன்னொரு கதவுக்கு. வெளியே போக மூன்று நாய்த்தலைச் சின்னங்களைத் தேடிப் பொருத்த வேண்டும். வீட்டுக்காரரான ஜாக் பேக்கர் சுவரை உடைத்துக்கொண்டு வருவார். சுட்டு வீழ்த்தினாலும் எழுந்து வருவார், தோட்டா வீண். சுடாமல் எந்த அறை வழியாகச் சுற்றிப் போகலாம் என்று வீட்டை மனப்பாடம் செய்தாக வேண்டும். மிகக் கடினமான நிலையில் சேவ் செய்யவே கேசட் தேவை. பழைய இங்க் ரிப்பனேதான். இயக்குநர் கோஷி நாகானிஷியின் குழு 1996-ன் மாளிகையை எடுத்து, உத்தரத்திலிருந்து நிலைப்படி வரை மறுபடி கட்டியிருந்தது. கடைசியில் கப்பலுக்குள் போனதும் அந்தக் கட்டுமானம் தளர்ந்துவிடுகிறது என்பதும் உண்மை. வீடு போய்விட்டதால் தளர்கிறது.

2019-ல் வந்த இரண்டாம் பாகத்தின் ரீமேக் அதே பாதையில் வந்தது. கேமரா தோளுக்குப் பின்னால். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் முழுக்க மாளிகையின் சட்டம். ஜன்னல்களை அடைக்கப் பலகைகள் கிடைக்கும், ஆனால் எல்லா ஜன்னலுக்கும் போதாது. எதை அடைப்பது? மேல்தளத்தில், நம்மை விடாமல் துரத்தும் ராட்சதனான மிஸ்டர் எக்ஸின் பூட்ஸ் சத்தம் கேட்கும்போது எந்தப் பக்கப் படியில் இறங்குவது? பலகையை வீணடித்த ஜன்னல் வழியாக ஜாம்பிகள் உள்ளே ஏறி வருவதைப் பார்த்தபோது, எனக்கு மண்ணெண்ணெய்க் குப்பி ஞாபகம் வந்தது. இத்தனை இருந்தும் ஒரு குறையை ரசிகர்கள் விடாமல் சொல்கிறார்கள், சரியாகவே சொல்கிறார்கள். 1998 மூலத்தில் லியோன், கிளேர் இரண்டு பேரின் கதையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும். முதல் ஆட்டத்தில் லாக்கரிலிருந்து எடுத்த இயந்திரத் துப்பாக்கி இரண்டாவது ஆட்டத்தில் அங்கே இருக்காது. ரீமேக்கில் இரண்டு கதையும் ஏறக்குறைய ஒரே பாதையில் ஓடுகின்றன, ஒன்று மற்றதை மறந்துவிடுகிறது. அடுத்த வருடமே வந்த மூன்றாம் பாகத்தின் ரீமேக்கில் மணிக்கூண்டுக்குள் நடக்கும் பகுதியையே விட்டுவிட்டார்கள். இந்தக் கோபத்தை யாரும் பழம்பெருமை என்று தள்ளக் கூடாது. விட்டுப்போனது எது என்று சொல்லத் தெரிந்தவர்கள் பேசுகிற கோபம் அது.

2021-ல் வந்த எட்டாம் பாகமான வில்லேஜில், பெனவியெண்டோ வீட்டுக்குள் ஈத்தன் நுழைந்ததும் அவன் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் பறித்துவிடுகிறார்கள். தோட்டா எண்ணிக்கை பூஜ்யம். அந்த விளையாட்டின் மற்றப் பகுதிகளை மறந்தவர்கள்கூட அந்த வீட்டை மறக்கவில்லை.

சரி, நிலைக்கேமரா என்னவாயிற்று? சின்னக் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன. 2021-ல் டார்மென்டட் சோல்ஸ், 2022-ல் ஆறு இடத்தோடு மல்லுக்கட்ட வைக்கும் சிக்னலிஸ், 2024-ல் குரோ கன்ட்ரி என்று மூலையிலிருந்தும் மேலிருந்தும் பார்க்கும் ஆட்டங்கள் தொடர்ந்து வருகின்றன. இவற்றைச் செய்தவர்கள் பழைய மாளிகைகளைக் கரைத்துக் குடித்தவர்கள் என்பது விளையாடினாலே தெரிகிறது. "எங்கள் காலத்து ஆட்டம் செத்துவிட்டது" என்று சொல்லும் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, இவற்றை வாங்குங்கள் என்றுதான். 2002-ல் நடந்தது இவர்களுக்கும் நடக்கக் கூடாது.

ரெக்வியத்தில் சண்டையை முடித்துவைக்கப் பார்க்கிறார்கள். நாகானிஷிதான் மறுபடியும் இயக்குநர். கிரேஸ் ஆஷ்கிராஃப்ட் என்ற புதிய நாயகி. கண் கோணமா, தோள் கோணமா என்று ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு கட்சியும் சந்தோஷப்பட்டன. எனக்கு அதில் ஒரு கவலை உண்டு. வில்லேஜுக்கு 2022-ல் தோள் கோணத்தைப் பின்னால் சேர்த்தபோது, ஈத்தனின் முகம் தெரியாமல் இருக்க, கேமராவைத் திருப்பும்போதெல்லாம் அவனும் திரும்பிக்கொண்டான். கண் கோணத்துக்கென்று அளந்து கட்டிய குறுகலான வழிகளில் அவன் முதுகு பாதித் திரையை மறைத்தது. ஓர் அறை எங்கே இருட்டாக இருக்க வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. இரண்டு கோணத்துக்கும் பொதுவாகக் கட்டினால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஏழாம் பாகத்தைச் செய்தவருக்கு இது தெரியாமல் இருக்காது என்று நம்புகிறேன்.

அத்தை பையன் தோள் கோணத்தில்தான் ஆடுவானாம், முடிவு செய்துவிட்டான். நான் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. இதை எழுதும்போது விளையாட்டு வெளிவரவில்லை. வந்ததும் நான் முதலில் பார்க்கப் போவது கிரேஸுக்குப் பொருள் வைக்க எத்தனை இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான். அடுத்தது, ஓடித் தப்பித்த நடைபாதைக்கு அவளைத் திரும்ப அனுப்புகிறார்களா என்பது.